கை படுத்துகிற நாளில் கடைக்குப் போ

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாப்பிள்ளை நைட் ஷிப்டுக்குப் போனால் பயமாக இருக்கிறது, கைத்துப்பாக்கி வாங்கப் போகிறேன் என்றாயே, அதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. டெக்சாஸில் அது சாதாரணம். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் போலீஸ் ஆயுதப்படை ஆர்மரியில், அதாவது ஆயுதக் கிடங்கில், 26 வருஷம் பிஸ்டல் துடைத்தவன் நான், சிலதைச் சொல்லியே ஆக வேண்டும்.

உனக்கு அம்மாவின் கை. இன்று காலை ஏழு மணிக்கு ஊறுகாய் பாட்டில் மூடியை முந்தானையால் பிடித்துத் திருகினாள். விரல் மூட்டெல்லாம் வீங்கியிருந்தது, மூடி அசையவில்லை. பதினொரு மணிக்கு அதே மூடியை அவளே திறந்தாள். முடக்குவாதம் அப்படித்தான். அதனால் கை ரொம்பப் படுத்துகிற நாளாகப் பார்த்து, கடை திறந்ததும் போ. அந்தக் கையால் ஸ்லைடை, அதாவது தோட்டாவை ஏற்றப் பின்னால் இழுக்கிற பிஸ்டலின் மேல்பாகத்தை, இழுத்துப் பார்.

சின்னதாக, லேசாக ஒன்றைக் காட்டி 'லேடீஸுக்கு' என்பார்கள். வாங்காதே. எடை குறையக் குறைய உதை கூடும், குட்டி 9 எம்எம் பிஸ்டலில் ஸ்லைடு ஸ்பிரிங்கும் கடினம். ரிவால்வரில் ஸ்லைடு தொல்லை இல்லை, சரி. ஆனால் டிரிக்கர் ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய 5 கிலோ இழுவை கேட்கும். ஐந்து கிலோ அரிசிப் பையை ஆள்காட்டி விரலில் தூக்கிப் பார், தெரியும். பாயிண்ட் 22 என்கிற சின்னத் தோட்டா போடுகிற துப்பாக்கி அவ்வளவாக உதைக்காது, ஆனால் அந்தத் தோட்டா வெடிக்காமல் போவது மற்றதைவிட அதிகம்.

ஸ்மித் அண்ட் வெசன் 2018-இல் கொண்டுவந்த 380 ஷீல்டு ஈஸி என்று ஒரு பிஸ்டல் உண்டு. ஸ்லைடு லேசு, மேகசினில், அதாவது தோட்டா அடுக்குகிற பெட்டியில், ரவுண்டு (தோட்டா) போடுவதும் லேசு. ஆனால் பிடியின் பின்பக்கம் ஒரு சேஃப்டி இருக்கும். உள்ளங்கை அதை முழுசாக அழுத்தாவிட்டால் சுடாது. உன் பிடி அழுத்துகிறதா என்று பார்த்துக்கொள்.

ஸ்லைடை இரண்டு விரலால் கிள்ளி இழுக்காதே. மேலிருந்து முழுக்கையால் பற்றிக்கொண்டு, பிஸ்டல் பிடித்த கையை முன்னால் தள்ளு. பாதி வேலை குறையும். குழல் எப்போதும் ஆள் இல்லாத பக்கம்.

ஒரு கான்ஸ்டபிளுக்கு சுடும் பயிற்சி ரேஞ்சில், சுட்ட தோட்டாவின் காலி கேஸ் வெளியே விழாமல் பிஸ்டலில் மாட்டிக்கொண்டே இருந்தது. மூன்று தடவை பிரித்துப் பார்த்தேன், ஒரு கோளாறும் இல்லை. அவருக்கு மணிக்கட்டு உடைந்து அப்போதுதான் கட்டுப் பிரித்திருந்தார்கள். பிடி தளர்ந்தால் காலி கேஸ் மாட்டிக்கொள்ளும், பிஸ்டல் தானாக அடுத்த ரவுண்டை ஏற்றாமல் போகலாம். அதனால் முதலில் ரேஞ்சில் வாடகைக்கு எடுத்து 50 ரவுண்டு சுட்டுப் பார். முதல் மேகசின் யாருக்கும் நன்றாகத்தான் போகும், ஐந்தாவதில் கை என்ன சொல்கிறது என்று பார்.

அப்புறம் குட்டிப் பையன். உனக்கு இழுக்க லேசாக இருப்பது அவனுக்கும் லேசுதான். இதை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் போனது. பூட்டுப் பெட்டி இல்லாமல் துப்பாக்கி வீட்டுக்குள் வரக்கூடாது. சாவி திருகுவது உன் விரலுக்கு ஆகாது, பொத்தானில் நம்பர் அழுத்துகிற பெட்டியாக வாங்கு. அதையும் காலையில் திறந்து பார்.

பணம் கட்டுவதற்கு முன் வீடியோவில் கூப்பிடு. நீ ஸ்லைடு இழுப்பதை நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா