ராத்திரி ஒன்பது மணிக்கு மேல அலர்ட் அனுப்பாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் 19 வருஷமா தாம்பரத்துல இருந்து பார்க் ஸ்டேஷனுக்கு எலக்ட்ரிக் ட்ரெயின்ல வேலைக்கு போறவன். போன மாசம் ஒரு நாள் போனை சார்ஜர்லயே விட்டுட்டு கிளம்பிட்டேன், வண்டி ஏறி பாக்கெட்ல கை விட்டப்பதான் தெரிஞ்சுது. கை பரபரங்குது, சும்மா உக்காரவே முடியல, வேற வழியில்லாம ஜன்னல் பக்கம் திரும்புனா அடுத்த ஸ்டேஷன் சானடோரியம், அந்த போர்டை பாத்ததும் அப்பா ஞாபகம் வந்து தொண்டை அடைச்சிருச்சு.

அப்பா தவறி ஏழு மாசம் ஆகுது. காரியம், டெத் சர்டிபிகேட், பேங்க், ஸ்டேட்டஸ்ல போட்டோ எல்லாம் பண்ணியாச்சு. ஆனா அவரை நினைச்சு ஒரு கால் மணி நேரம் உக்காந்ததில்லைன்னு அன்னைக்குதான் உறைச்சுது. தினம் ரெண்டு தடவை அந்த ஸ்டேஷனை தாண்டுறேன், ஒரு நாள் தலையை தூக்கி பாக்கல.

அப்பாவுக்கு இளவயசுல டிபி வந்து அங்க இருக்கற ஆஸ்பத்திரியிலதான் ஆறு மாசம் இருந்தார். 1928ல டாக்டர் டேவிட் சௌரிமுத்து ஆரம்பிச்ச சானடோரியம் அது, ஏரியாவுக்கே அந்த பேரு நின்னுபோச்சு. நல்ல காத்து, ஓய்வு, இதைத்தான் அப்போ பெரிய வைத்தியமா நினைச்சிருக்காங்க. "படுத்தே கிடந்தப்பதான்டா யார் யாருக்கு என்னென்ன பண்ணியிருக்கேன்னு ஒண்ணொண்ணா மேல வந்துச்சு"ன்னு அப்பா சொல்வார். வீட்டுக்கு வந்தப்புறமும் அதை விடல, ராத்திரி சாப்பிட்டு வாசப்படில தனியா உக்காருவார், அந்த நேரத்துல ரேடியோ கூட போடக்கூடாது.

அன்னைக்கு சாயங்காலம் வந்து பரண்ல இருந்த அவரோட வரவு செலவு நோட்டை எல்லாம் இறக்குனேன். 1991 ஜூலைல ஒரு பக்கம். சைக்கிள் பஞ்சர் 3 ரூபாய், வாழைப்பழம் 4 ரூபாய், ஓரத்துல பொடி எழுத்துல "பையனை அடித்தது தப்பு. கடையில் வந்த கோபம்." அந்த அடி எனக்கு சுத்தமா ஞாபகம் இல்ல சார். மறுநாள் கணக்குல பையனுக்கு பம்பரம் 2 ரூபாய்னு இருக்கு. அந்த பம்பரம் நல்லா ஞாபகம் இருக்கு, சிவப்பு கலர்.

நானும் ஆபீஸ்ல திட்டு வாங்கிட்டு வந்து பொண்ணுகிட்ட கத்துறேன், அவ அழுதுட்டு உள்ள போயிடுவா, நான் சோபால உக்காந்து ரீல்ஸ் தள்ளிட்டிருப்பேன், பத்து நிமிஷத்துல கத்துனதே மறந்துடும். அப்புறம் எந்த பம்பரத்தை வாங்கித் தர்றது? முன்னாடி பஸ்ஸுக்கு நிக்கும்போது, கரண்ட் போனப்போ, தூக்கம் வராம புரளும்போதுன்னு செஞ்சது தானா வந்து குத்தும். 2016க்கு அப்புறம் நெட் சல்லிசா கிடைச்சதும் அந்த இடைவெளி எல்லாத்தையும் போன் அடைச்சிருச்சு. கெட்ட மனுஷங்களா நாம ஆகல, செஞ்சதை திரும்பி பாக்க நேரமே வைக்கல, என் விஷயத்துல அதான் நடந்திருக்கு.

இப்போ மூணு வாரமா ஒன்பது மணிக்கு போனை பீரோவுல வச்சுட்டு மொட்டை மாடிக்கு போயிடுறேன். முதல் நாலஞ்சு நாள் ஈஎம்ஐ, கேஸ் புக்கிங்னு மனசு கண்டபடி ஓடுச்சு, ரொம்ப கஷ்டமாதான் இருந்துச்சு. அதுக்கப்புறம் ஒரு நாள் பொண்ணோட முகம் வந்துச்சு, கீழ இறங்கி போய் பக்கத்துல உக்காந்தேன், "என்னப்பா"ன்னா, மன்னிப்பு கேட்டேன்.

உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். உங்க பேப்பரோட ஆப் என் போன்லயும் இருக்கு, ராத்திரி பத்து மணிக்கு மேலயும் சினிமா செய்தி, ராசிபலன்னு அலர்ட் வந்துகிட்டே இருக்கு. புயல், வெள்ளம், பெரிய விபத்துன்னா எந்நேரமும் அனுப்புங்க, வேணும். மத்தது காலைல வரட்டுமே சார். செட்டிங்ஸ்ல போய் நிறுத்த எனக்கு தெரியும், எங்க அம்மா வயசுக்காரங்களுக்கு தெரியாது, டிங்னு சத்தம் வந்தா பதறி போனை எடுத்துடுறாங்க.

இப்படிக்கு,
தாம்பரம் வாசகர் ஒருவர்