தளபதி படம் வரைய உதவினவங்களுக்கு ஒரு நன்றி

தளபதி ஃபேன் ஆர்ட் ஒருவழியா முடிஞ்சிருச்சு. நானே தனியா முடிச்சேன்னு சொன்னா பாதிப் பொய், அதான் இந்த மடல்.

ஆரம்பத்துல ஈஸினுதான் நெனச்சேன். 1991 தீபாவளிக்கு வந்த ரஜினி படம், டிவியில பாத்துப் பாத்தே எனக்கு மனப்பாடம், சந்தோஷ் சிவன் கேமரா, ரஜினிக்கு அதுல சூர்யாங்கிற பேரு, அதுக்கு ஏத்த மாதிரி சூரியனும் கூடவே வந்துட்டு இருக்கும், அதை அப்படியே இறக்கினா போதும்னு ஐபேட எடுத்துட்டு உக்காந்தவன்தான், அஞ்சு வாரம் ஆச்சு. சூரியன் முதுகுக்குப் பின்னாடி இருந்தா முகம் இருட்டிடும்ல? சரினு கீழ இருக்கிற கலர இருட்டாக்குற மல்டிப்ளை லேயர் போட்டு கருப்ப ஏத்தினேன், மூஞ்சில கரி பூசின மாதிரி ஆயிடுச்சு. வெளிச்சத்த கூட்டினா சூரியன் அணைஞ்சு போச்சு. பதினேழு ஃபைல் அழிச்சேன்.

முதல் நன்றி என் ரூம்மேட்டுக்கு. "மச்சான், முடி ரஜினி, மூஞ்சி யாரோ"னு சாப்பிட்டுக்கிட்டே சொன்னான் பாவி, ரெண்டு நாள் அவன்கூட பேசல. ஆனா கண்ணுக்கும் புருவத்துக்கும் நடுவுல இடைவெளி ஜாஸ்தியா இருக்குனு கண்டுபிடிச்சதும் அவன்தான்.

அடுத்து எங்க டீக்கடை பெரியவர். ஒரு காலத்துல தியேட்டர் பேனர் வரைஞ்சவர், ஃப்ளெக்ஸ் வந்ததும் அந்தத் தொழிலே போச்சு, இப்ப கடை ஷட்டர்ல பேர் எழுதுறாரு. டீ ஆறுற வரைக்கும் என் படத்தையே பாத்தாரு. கண்ண இடுக்கிப் பாருனு சொன்னாரு, பாத்தேன், மூஞ்சி இருந்த எடத்துல ஓட்டை. "கருப்ப தூக்கிப் போடு தம்பி. நிழல்ல ஊதா வை, தாடையில துளி பச்ச, காதோரம் ரோஸ். கீழ நின்னு அண்ணாந்து பாக்குறவனுக்கு அதெல்லாம் சேந்துதான் தோலா தெரியும்." பழைய கட்அவுட்ல ஹீரோ கன்னம் ரோஸா, நிழல் நீலமா இருக்கும்ல, அதை நான் இத்தன நாளா கலர் தெரியாம பூசினதுனு நெனச்சிட்டு இருந்தேன், வெக்கமா இருந்துச்சு. ஸ்டில்லு மேல கட்டம் போட்டு வரையவும் அவர்தான் சொன்னாரு, பேனர்ல அப்படித்தான் பெருசு பண்ணுவாங்களாம். அன்னிக்கு ராத்திரியே முகம் வந்துருச்சு.

அம்மாவுக்கு நன்றி சொன்னா திட்டுவாங்க, இருந்தாலும் சொல்றேன். கூட்ஸ் வண்டியில குழந்தை சூர்யாவ விட்டுட்டுப் போற அந்த ஆரம்பம் கருப்பு வெள்ளையில வரும்ல, அந்தக் குழந்தையச் சுத்தின துணிய சூர்யா கையில குடுக்கணும்னு எனக்கு ஆச, ஆனா வெயில் ஊடுருவுற துணி கற்பனையில வரவே இல்ல. அவங்க பழைய மஞ்சள் பருத்திப் புடவையப் புடிச்சுட்டு சாயங்காலம் ஆறு மணிக்கு மொட்டமாடியில நின்னாங்க. "கை வலிக்குதுடா, சூரியன சீக்கிரம் எறங்கச் சொல்லு"னு வேற. ஒத்த மடிப்புல புடவை விளக்கு மாதிரி எரிஞ்சுது, மடிப்பு கூடின எடத்துல மஞ்சக்கிழங்கு நெறம், நைஞ்ச ஓரத்துல நூல் நூலா தெரிஞ்சுது. படத்துல எனக்குப் புடிச்ச எடம் அந்த ஓரம்தான்.

கடைசியா பிரிண்டிங் அண்ணன். ஸ்கிரீன்ல தகதகனு இருந்த ஆரஞ்சு பேப்பர்ல செங்கல் கலர்ல வந்துச்சு, அழுகையே வந்துருச்சு எனக்கு. ஸ்கிரீன் வெளிச்சத்த நாலு மையில கொண்டுவர முடியாதுப்பா, ஆரஞ்ச ஏத்தாத, சுத்தி இருக்கிற வானத்த மங்கலாக்குனு சொல்லி மூணு டெஸ்ட் துண்டு போட்டுக் குடுத்தாரு, காசே வாங்கல.

முதல் ஏ3 பிரிண்ட பெரியவர்கிட்ட கொண்டுபோனேன். கைய துடைச்சுட்டு வாங்கினாரு, தூர வெச்சுப் பாத்தாரு, கிட்ட வெச்சுப் பாத்தாரு. "காது ஒரு நூல் மேல ஏறியிருக்கு தம்பி."

ஏறித்தான் இருக்கு.