சுயாட்சிப் பேச்சுக்கான நிதியை ஆண்டுதோறும் பேரம் பேசாதீர்கள்

கனடாவின் நிதியமைச்சருக்கும், பூர்வகுடி மக்களுடனான உறவுகளுக்குப் பொறுப்பான அமைச்சருக்கும்,

வணக்கம். பூர்வகுடி மக்களோடு அவர்களின் நிலவுரிமை, சுயாட்சி பற்றி அரசு நடத்தும் பேச்சுவார்த்தைக்கான நிதியை நீண்ட காலத்துக்கு உறுதி செய்யும்படி கேட்கவே இதை எழுதுகிறேன். நான் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வசிக்கும் தமிழர். எங்கள் வீடுகளும் கடைகளும் கோவில்களும் நிற்கும் நிலம் அரசும் பூர்வகுடிச் சமூகங்களும் 1923இல் கையெழுத்திட்ட வில்லியம்ஸ் நில ஒப்பந்தங்களுக்கு உட்பட்டது. அந்த ஒப்பந்தங்களின் பெயரால் ஏழு பூர்வகுடிச் சமூகங்களுக்கு வேட்டை, மீன்பிடி உரிமைகள் மறுக்கப்பட்டன. அதற்கு அரசு மன்னிப்புக் கேட்டது 2018இல்தான். மத்திய அரசும் ஒன்ராறியோவும் சேர்ந்து சுமார் 1.1 பில்லியன் டொலர் இழப்பீடும் கொடுத்தன.

ஒன்ராறியோவின் ஹூரன் ஏரிப் பகுதியில் நடந்தது இதைவிடப் பெரியது. 1850ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி, நிலத்தின் வருமானம் கூடும்போது அங்குள்ள மக்களுக்குத் தரும் ஆண்டுத் தொகையும் கூட வேண்டும். காடும் சுரங்கமும் கொட்டிக் கொடுத்தன. தொகையோ 1875இலிருந்து ஆளுக்கு 4 டொலரிலேயே நின்றது. கடைசியில் வழக்காடி, 2023இல் 10 பில்லியன் டொலருக்கு உடன்பாடு வந்தது. உரிய காலத்தில் கொடுக்காததை அரசு மிச்சம் பிடித்ததாக எண்ணியது. அது மிச்சமே இல்லை.

இப்போதும் அதே கணக்குத்தான் போடப்படுகிறதோ என்று பயப்படுகிறேன். 1996இல் பூர்வகுடிச் சமூகங்களின் அடிப்படைச் சேவைகளுக்கான நிதி ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் வளரக் கூடாது என்று வரம்பு போட்டார்கள். சனத்தொகையும் விலைவாசியும் அந்த வரம்பைக் கேட்டா வளர்ந்தன? கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள் அது நீடித்தது. இன்னொரு பக்கம், நிலவுரிமை பற்றிப் பேச வந்த சமூகங்களுக்குப் பேச்சுச் செலவைக் கடனாகக் கொடுத்தீர்கள். நிலத்தைப் பறிகொடுத்தவர்கள் அதைக் கேட்பதற்கே கடனாளியாக வேண்டியிருந்தது. 2018இல் கடன் முறையை நிறுத்தி, அடுத்த ஆண்டு நிலுவைக் கடன்களைத் தள்ளுபடி செய்ய 1.4 பில்லியன் டொலர் ஒதுக்கினீர்கள். அதற்கு மனமார்ந்த நன்றி.

சரி, இனி என்ன? பிரிட்டிஷ் கொலம்பியாவின் பூர்வகுடிகளான நிஸ்கா மக்களின் நிலவுரிமை வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 1973இல், அவர்களுடைய சுயாட்சி ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது 2000இல். இப்படித் தலைமுறைக் கணக்கில் நீளும் பேச்சை, சில ஆண்டுகளில் காலாவதியாகும் ஒதுக்கீடுகளை நம்பி நடத்த முடியாது. பேச்சுவார்த்தைக்கான நிதியை நீண்ட காலத்துக்குச் சட்டத்தால் உறுதி செய்யுங்கள். சிக்கன நடவடிக்கை வரும்போது முதலில் கை வைக்கும் இடமாக அது இருக்கக் கூடாது.

கையெழுத்தோடு வேலை முடிவதுமில்லை. கனடாவின் வடக்கே வாழும் இனுயிட் மக்களோடு நுனாவுட் நில உரிமை ஒப்பந்தம் 1993இல் கையெழுத்தானது. அதை அரசு சரியாக நிறைவேற்றவில்லை என்று இனுயிட் அமைப்பு 2006இல் வழக்குப் போட்டது. 2015இல் 255.5 மில்லியன் டொலர் கொடுத்துத்தான் சமரசம் செய்தீர்கள். அதிகாரத்தை எழுத்தில் கொடுத்துவிட்டு நிதியைக் கையில் வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பது, இலங்கையின் மாகாண சபைகளைப் பார்த்த எங்களுக்குப் புதிதல்ல. சுயாட்சி அரசுகளின் உண்மையான செலவை அவர்களோடு சேர்ந்தே கணக்கிடுவது என்று 2019இல் ஒரு நிதிக் கொள்கை வகுத்தீர்களே, அதைத் தளர்த்தாதீர்கள்.

அப்புறம், வரவு செலவுத் திட்டத்தை எழுதும் விதம். பழைய ஒப்பந்த மீறல்களுக்கான இழப்பீடும் பள்ளிக்கூடம், குடிநீர், வீடு போன்ற சேவைகளுக்கான பணமும் ஒரே பெருந்தொகையாக வெளியே வருகின்றன. அதைக் கேட்டுவிட்டு எங்கள் ஆட்களே "இவ்வளவு காசை அள்ளிக் கொடுக்கினமே" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அந்தப் பேச்சு அநியாயம், ஆனால் அதற்கு இடம் கொடுப்பது உங்கள் அட்டவணை. இழப்பீடு என்பது அரசின் பழைய கடன். அதைத் தனிப் பத்தியில், எந்த ஒப்பந்தம், எந்த ஆண்டு, எந்த மீறல் என்ற விவரத்தோடு போடுங்கள். சேவைகளுக்கு எவ்வளவு, பேச்சுவார்த்தைக்கு எவ்வளவு, கையெழுத்தான ஒப்பந்தங்களை நிறைவேற்ற எவ்வளவு என்பதையும் தனித்தனியாகக் காட்டுங்கள். அடுத்த வரவு செலவுத் திட்டத்திலேயே இதைச் செய்யலாம், இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.

இப்படிக்கு,
ஸ்காபரோ வாக்காளர் ஒருவர்