கஜல் வாசிப்பது குறித்து மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

உருதுக் கவிதை வடிவமான கஜலில் ஓர் ஈரடிக்கும் அடுத்த ஈரடிக்கும் தொடர்பே இல்லையே, இதை எப்படி ஒரே கவிதை என்பது என்று கேட்டிருந்தாய். உருதுக்காரர்களையே நெடுநாள் உறுத்திய கேள்விதான் இது. 1893-இல் கவிஞரும் விமர்சகருமான ஹாலி கஜலின் தேய்ந்துபோன காதல் புலம்பலைச் சாடினார். பின்னாளில் விமர்சகர் கலீமுத்தீன் அகமது அதை அரைக் காட்டுமிராண்டி வடிவம் என்றே எழுதினார். ஆனாலும் அது ஓய்ந்துவிடவில்லை. நவீனக் கவிஞர்கள் பழைய சரக்கைத் தூக்கி எறியாமல் அதற்குள்ளேயே தம் காலத்தை ஏற்றியதுதான் காரணம் என்பது என் எண்ணம்.

பாகிஸ்தான் அரசைக் கவிழ்க்கச் சதி செய்ததாகத் தொடுக்கப்பட்ட ராவல்பிண்டி சதி வழக்கில் 1951-இல் கைதான கவிஞர் ஃபைஸ் அகமது ஃபைஸ், 1954-இல் மாண்ட்கோமரி சிறையில் எழுதிய கஜலை எடுத்துக்கொள். முதல் ஷேரின், அதாவது முதல் ஈரடியின், இரண்டு அடிகளும் 'நௌபஹார் சலே', 'காரோபார் சலே' என்று முடிகின்றன. மாறாமல் வரும் 'சலே' ரதீஃப். அதற்கு முன் 'ஆர்' என்று ஒலிப்பது காஃபியா. அதன்பின் ஒவ்வொரு ஷேரின் இரண்டாம் அடியும் அங்கே வந்து சேர்ந்தாக வேண்டும். ஈரடிகளைச் சேர்த்துக் கட்டுவது இந்த ஒலிதான்; முஷாயிரா எனும் கவியரங்கில் கவிஞர் முடிக்குமுன் கூட்டமே கடைசிச் சொல்லைச் சொல்லிவிடுவதும் இதனால்தான்.

இனிப் பொருளைப் பார். பூக்களில் நிறம் நிரம்ப இளவேனிற்காற்று வீசட்டும், நீ வந்தால்தான் தோட்டத்தின் அலுவல் நடக்கும் என்று அழைக்கிறார். அடுத்து, கூண்டு வாடிக் கிடக்கிறது, தென்றலிடம் ஏதேனும் சொல்லுங்கள் நண்பர்களே என்கிறார். கூண்டும் தென்றலும் நூற்றாண்டுகளாகப் புழங்கிய பொருள்கள். சொல்பவரோ மெய்யாகவே கம்பிகளுக்குள் இருக்கிறார். தம் பெயர் வரும் இறுதி ஷேரில், வழியில் எந்த இடமும் மனத்துக்குப் பிடிக்காமல், காதலியின் தெருவிலிருந்து புறப்பட்டு நேரே தூக்குமேடைக்கே நடந்ததாக முடிக்கிறார். மெஹ்தி ஹசன் பாடியதைக் கேட்டுப் பலர் இதை வெறும் காதல் பாட்டாக ரசிக்கிறார்கள், அதிலும் பிழையில்லை.

நாசிர் காஸ்மி வேறு விதம். 1947-இல் பிரிவினையின்போது அம்பாலாவை விட்டு லாகூருக்குப் போனவர், கோஷம் ஏதுமின்றி, பழைய கவிஞர் மீரின் தாழ்ந்த குரலில் இழப்பைப் பாடினார்.

பெண் கவிஞர் பர்வீன் ஷாகிரை நீ கட்டாயம் படி. எழுதுபவர் பெண்ணாயினும் கஜலில் ஆண்பால் வினையில் பேசுவதே பெருவழக்காக இருந்தது. 1976-இல் வந்த 'குஷ்பூ' தொகுப்பில் அவர் ஓர் இளம்பெண்ணாகவே பேசினார்.

ஆகவே கதை தேடாமல் ஷேர் ஷேராகப் படி. தேவநாகரியில் அச்சிட்ட பதிப்புகள் தில்லியில் உனக்கு எளிதாகக் கிடைக்கும். ஆனால் வாய்விட்டுப் படிக்க வேண்டும், கண்ணால் மட்டும் படித்தால் ரதீஃப் வெறும் கூறியது கூறலாகத்தான் தெரியும்.

அன்புடன்,
அப்பா