‘உம்’ என்னும் இடைச்சொல்லும் டி மார்கன் விதியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் ஓர் அலுவலக வாசலில் ‘குடும்ப அட்டையும் ஆதார் அட்டையும் இல்லாதவர்கள் விண்ணப்பிக்க இயலாது’ என்று ஒட்டியிருந்ததைப் படித்து, ஆதார்தான் கையில் இருக்கிறதே என்று வரிசையில் நின்ற என்னை, முக்கால் மணி நேரத்துக்குப் பின் திருப்பி அனுப்பினார்கள். இரண்டுமே இல்லாதவரை மட்டும் அவ்வாசகம் விலக்குவதாக நான் கொண்டேன். ஒன்று குறைந்தாலும் விலக்குவதாக அவர்கள் கொண்டார்கள். ‘இரண்டும் உண்டு’ என்பதன் மறுப்பு ‘இது இல்லை அல்லது அது இல்லை’ என்பதேயன்றி, ‘இரண்டுமே இல்லை’ என்பதன்று. கணினி நிரல் எழுதுவோர் நிபந்தனைகளைச் சுருக்கும்போது அன்றாடம் கையாளும் இவ்விதிக்குப் பெயர் தந்த ஆங்கிலேயக் கணித அறிஞர் அகஸ்டஸ் டி மார்கன், 1806இல் பிறந்தது நம் மதுரையில்தான். ‘இரண்டில் எது இல்லாவிட்டாலும்’ என்று அந்த அறிவிப்பைத் திருத்தி ஒட்டினால், வரிசை பாதியாகக் குறையும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை