எம்.ஆர்.ஐ. படம் சொல்வதையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

அல்ட்ராசவுண்ட் அலைகளின் உதவியோடு மூளைக்குள் மருந்தைச் சேர்க்கும் முறை பற்றித் தங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை வாசித்து மகிழ்ந்தேன். ரொறன்ரோவில் நமக்குப் பக்கத்திலேயே இருக்கும் சன்னிபுரூக் மருத்துவமனை இந்தத் துறையில் முன்னணியில் நிற்பதை நம் மக்கள் அறியத்தான் வேண்டும். ஆனால் கட்டுரை முழுவதிலும் எம்.ஆர்.ஐ. என்ற சொல்லே இல்லை. நான் இந்த நகரில் எம்.ஆர்.ஐ. தொழில்நுட்பவியலாளராக வேலை செய்பவள். அந்த ஆய்வுகளில் எனக்குப் பங்கில்லை. ஆனாலும் அந்தப் படங்கள் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

மூளையின் நுண்குழாய்ச் சுவரில் உள்ள கலங்கள் இடைவெளியின்றி இறுகப் பிணைந்திருக்கின்றன. இரத்தத்தில் ஓடும் பெரும்பாலான மருந்துகள் அந்தச் சுவரைக் கடப்பதில்லை. இதுவே இரத்த-மூளைத் தடுப்பு. நுண்குமிழ்களை இரத்தத்தில் ஏற்றி, மண்டையோட்டுக்கு வெளியிலிருந்து ஒலியலைகளை ஓரிடத்தில் குவித்தால், குமிழ்கள் விரிந்து சுருங்கி அந்தப் பிணைப்புகளைத் தற்காலிகமாகத் தளர்த்துகின்றன. ஒலி வலுத்துவிட்டால் நுண்குழாய் கிழிந்து இரத்தம் கசியலாம். வலு போதாவிட்டால் ஒன்றும் நடக்காது. நோயாளியை வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எது நடந்தது என்று தெரியாது.

அதைக் காட்டுவது எம்.ஆர்.ஐ. சன்னிபுரூக்கில் செய்யும் முறையில் நோயாளி எம்.ஆர்.ஐ. மேசையிலேயே படுத்திருக்கிறார். ஆயிரத்துக்கு மேற்பட்ட ஒலிமுனைகள் கொண்ட தலைக்கவசத்துக்குள் அவருடைய தலை இருக்கும். குறி வைப்பதே எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்துத்தான். ஒலி செலுத்தும்போது குமிழ்களிலிருந்து திரும்பி வரும் ஒலியைக் கேட்டு வலுவைக் கூட்டிக் குறைக்கிறார்கள். பிறகு கடோலினியம் என்ற சாயமருந்தை ஏற்றிப் படம் எடுக்கிறார்கள். கடோலினியம் சாதாரணமாக மூளைத் திசுவுக்குள் நுழையாது. ஆகவே தடுப்பு திறந்த இடம் மட்டும் படத்தில் வெள்ளையாக ஒளிரும். இரத்தக் கசிவைத் தேடுவதற்கு வேறொரு வகைப் படம் உண்டு. கசிவு இருந்தால் அதில் கரும்புள்ளி விழும். மறுநாள் மீண்டும் கடோலினியம் ஏற்றி, ஒளிர்வு மறைந்துவிட்டதா என்று பார்க்கிறார்கள். மறைந்திருந்தால் தடுப்பு மூடிக்கொண்டது என்று பொருள். 2018இல் வெளியான சன்னிபுரூக் ஆய்வில், அல்சைமர் என்ற மறதி நோய் உள்ள ஐவரிடமும் இந்தத் திறப்பு ஒரு நாளுக்குள் மூடிவிட்டது. பொஸ்டனில் ஹின்னினென் என்ற விஞ்ஞானியின் குழுவினர் முயல்களில் இதைச் செய்து 2001இல் வெளியிட்டபோதும் சாட்சி எம்.ஆர்.ஐ. படம்தான்.

என் கவலை இதற்கு அடுத்த படியைப் பற்றியது. அந்த வெள்ளைப் புள்ளியைப் பார்த்து ‘மருந்து போய்ச் சேர்ந்துவிட்டது’ என்று பலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. கடோலினியம் மிகச் சிறிய மூலக்கூறு. அல்சைமருக்கும் சில புற்றுநோய்களுக்கும் கொடுக்கும் ஆன்டிபாடி எனப்படும் புரத மருந்துகள் எடையில் அதைவிட இருநூறு மடங்குக்கும் மேல் பெரியவை. சிறுவன் நுழையும் வேலி இடுக்கில் மாடும் நுழைந்திருக்கும் என்று யாரும் சொல்வதில்லையே. மருந்து போனதை அறிய வேறு சோதனை வேண்டும். 2021இல் வெளியான ஆய்வு ஒன்றில் சன்னிபுரூக் மருத்துவர்கள் அதைச் செய்தார்கள். மார்பகப் புற்றுநோய் மூளைக்குப் பரவிய நான்கு நோயாளிகளுக்கு, டிராஸ்டுசுமாப் என்ற ஆன்டிபாடி மருந்தில் கதிரியக்க அடையாளம் சேர்த்து, அது கட்டியில் கூடுதலாகச் சேர்வதைத் தனி ஸ்கேனில் காட்டினார்கள். அந்தப் பொறுமையை நான் மிகவும் மதிக்கிறேன்.

மருந்து சேர்ந்தாலும் நோய் குணமாகிவிட்டது என்று ஆகாது. மேலே சொன்ன 2018 ஆய்வில், அல்சைமர் நோயாளிகளின் மூளையில் சேரும் அமிலாய்ட் என்ற புரதப் படிவு குறையவில்லை. அதில் தடுப்பைத் திறந்தார்களே தவிர, ஆன்டிபாடி மருந்து கொடுக்கவில்லை. மேற்கு வர்ஜீனியாவில் மருந்தையும் ஒலியையும் சேர்த்துச் செய்து 2024 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வில், ஒலி செலுத்திய பகுதிகளில் படிவு கூடுதலாகக் குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் அதில் இருந்தவர்கள் மூன்றே பேர்.

தங்கள் கட்டுரை வந்த பிறகு, மறதி நோயால் அவதிப்படும் மனைவியை அழைத்து வந்த ஒரு பெரியவர், பத்திரிகைத் துண்டை நீட்டி, “பிள்ளை, இதை இவவுக்கு இங்கே செய்ய முடியுமா?” என்று கேட்டார். வயிற்றுக்குச் செய்யும் அல்ட்ராசவுண்ட் போன்றது என்று அவர் நினைத்திருந்தார். அப்படி நினைத்ததில் அவர் பிழை எதுவும் இல்லை. கட்டுரை அவருக்கு வேறெதுவும் சொல்லவில்லை. இது ஆய்வாகவே நடக்கிறது, குடும்ப வைத்தியர் மூலம் கேட்டுப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

அடுத்த முறை எழுதும்போது, ஒலி செலுத்திய உடனே எடுத்த படத்தையும் மறுநாள் எடுத்த படத்தையும் அருகருகே போடுங்கள். வெள்ளையாகத் தெரிவது கடோலினியம், மருந்து அல்ல என்று படத்தின் கீழேயே எழுதுங்கள். கடுமையான சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குச் சில வகைக் கடோலினியம் ஆபத்தானது. நம் முதியோர் பலருக்கு நீரிழிவால் சிறுநீரகம் கெட்டிருக்கிறது. எந்த எம்.ஆர்.ஐ.க்குப் போனாலும் அதை முதலிலேயே எங்களிடம் சொல்லுமாறு ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
எம்.ஆர்.ஐ. தொழில்நுட்பவியலாளர் ஒருவர்,
ஸ்காபரோ