அப்பாவுக்கு ஆள் வேண்டாம்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. வீட்டு வேலைக்கு ஒரு ஆளைப் போடலாம் என்று நீ போனில் சொன்னபோது அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அதனால்தான் பிடி கொடுக்காமல் பேசினேன். என் பதில், வேண்டாம் என்பதுதான். ஏன் என்று சொல்கிறேன்.

கொஞ்ச மாதமாக அப்பா காயப்போடும் வேட்டியில் தண்ணீர் சொட்டுகிறது. முறுக்கிப் பிழிவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது, உனக்கே தெரியும். இப்போது கொடிக்குக் கீழே சிமெண்டுத் தரையில் கோடு போட்ட மாதிரி ஈரம். கேட்டால், "துணி புதுசு, கெட்டியா இருக்கு" என்கிறார். நாற்காலியிலிருந்து எழும்போதும் கைப்பிடியை அழுத்தித்தான் எழுகிறார். நர்ஸ் வேலை பார்த்த கண் சும்மா இருக்குமா? முதியோர் மருத்துவரிடம் கூட்டிப்போனேன்.

அங்கே கை இறுக்கிப் பிடிக்கும் பலத்தை அளக்கும் கருவியை அழுத்தச் சொன்னார்கள். 22 கிலோ காட்டியது. ஆசியாவில் ஆண்களுக்கு 28-க்குக் கீழே போனால் குறைவு என்று கணக்கு. கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார 17 விநாடி ஆனது. 12-க்குள் முடிக்க வேண்டும். ஞாபகக் கேள்விகளுக்கு மட்டும் டக்டக்கென்று பதில் சொல்லிவிட்டு என்னை ஜெயித்த பார்வை பார்த்தார்.

டாக்டர் பலத்தைத்தான் கவனிக்கச் சொன்னார். பிரிட்டனில் நடுவயதுக்காரர்கள் சுமார் 1.9 லட்சம் பேரின் கைப்பிடி பலத்தை அளந்து, பத்து வருடத்துக்கு மேல் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். பிடி தளர்ந்தவர்களுக்கு டிமென்ஷியா என்கிற மறதி நோய் அதிகமாக வந்திருக்கிறது. ஏன் என்றால், ஒரு பொருளை இறுக்கிப் பிடிக்கத் தசை மட்டும் போதாது. மூளை, நரம்பு, ரத்தக்குழாய் எல்லாம் ஒழுங்காக வேலை செய்ய வேண்டும். சர்க்கரையும் பிரஷரும் இந்த எல்லாவற்றையும் சேர்த்தே அரிக்கும். அப்பாவுக்கு இரண்டும் இருக்கிறது. தசை தளர்ந்ததால் மூளை தளர்கிறதா, மூளையில் ஆரம்பித்தது கையில் முதலில் தெரிகிறதா என்பது இன்னும் முடிவாகவில்லை.

நீ பதறாதே. பிடி குறைந்தவர்களுக்கெல்லாம் மறதி நோய் வந்துவிடாது. மூட்டுத் தேய்மானத்தாலும் குறையும், சரியாகச் சாப்பிடாவிட்டாலும் குறையும். பி12, தைராய்டு பார்க்க ரத்தம் கொடுத்திருக்கிறோம்.

நீ இருக்கும் சிட்னியிலேயே ஒரு ஆய்வு நடந்தது. 2014-இல் வெளியானது. லேசான ஞாபகக் குறைவு இருந்த 100 பேரை எடுத்துக்கொண்டு, அதில் ஒரு பகுதியினருக்கு ஆறு மாதம் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களுக்கு யோசிக்கும் திறன் கூடியது. பலம் அதிகம் ஏறியவர்களுக்கு அதுவும் அதிகம் ஏறியதாம்.

இப்போது சொல், காய்கறிப் பையைத் தூக்கவும் செடிக்குத் தண்ணீர் ஊற்றவும் ஆள் வைத்துவிட்டால் இவர் டிவி முன்னால் உட்கார்வதைத் தவிர வேறென்ன செய்வார்? பாசத்தில்தான் சொல்கிறாய், தெரியும். ஆனால் வயசானவர்களை இப்படித்தான் நாம் உட்கார வைத்தே படுக்க வைத்துவிடுகிறோம்.

அந்தப் பணத்தில் வாரம் இரண்டு நாள் பிசியோதெரபி பெண்ணை வரச்சொல்லியிருக்கிறேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு எடை தூக்கினால் பிரஷர் ஏறும் என்பதால் கூடவே ஒருவர் இருப்பது நல்லது. காலையில் முட்டை, சாயங்காலம் சுண்டல். முறுக்குக்கு மட்டும் இன்னும் சண்டை நடக்கிறது.

அப்புறம், ஞாபக சக்தி மாத்திரை என்று எதையும் அங்கிருந்து அனுப்பாதே. போன மாதம் அனுப்பியதே பிரிக்காமல் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது "சாப்பிட்டீங்களா" என்பதோடு விடாமல், இன்று எத்தனை தடவை எழுந்து உட்கார்ந்தார் என்று கேள். கூட்டித்தான் சொல்வார். நீயும் நம்பின மாதிரி இரு.

அன்புடன்,
அம்மா